கொதிநீரில் வாழ்வதும் கொதிநீரைத் தாங்குவதும்: கடுஞ்சூழல் நுண்ணுயிரிகளைப் பற்றிய விவாதம்

பதிவு 1
இளம்பரிதி எழுதியது:

கடுஞ்சூழல் நுண்ணுயிரிகளைப் பற்றிய கட்டுரைகளில் சாதனை எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் வழக்கம் இருக்கிறது. இத்தனை டிகிரி வெப்பம், இத்தனை கிரே கதிர்வீச்சு, இத்தனை இலட்சம் ஆண்டு உறக்கம் என்று நீளும் பட்டியலைப் படிக்கும் வாசகர், இவையெல்லாம் ஒரே வகையான ஆற்றல் என்று எண்ணிக்கொள்கிறார். ஒரு நுண்ணுயிரி ஒரு சூழலில் உண்டு, வளர்ந்து, பிரிந்து பெருகுவது வேறு. அதே சூழலில் எதையும் செய்யாமல் சாகாதிருந்து, நிலைமை சீரானபின் மீண்டும் எழுவது வேறு. இவ்விரண்டையும் பிரிக்காமல் உயிரின் எல்லையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் கருத்து. அதை இங்கே விவாதிக்க விரும்புகிறேன்.

என் கருத்துக்குச் சான்றாக ஒரே ஒரு ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். 2003ஆம் ஆண்டு காசெம் கஷேஃபி, டெரெக் லவ்லி ஆகிய இருவரும், வடகிழக்குப் பசிபிக்கின் ஹுவான் டி ஃபூகா முகட்டில் உள்ள கடலடி வெந்நீர்த் துளை ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த ஆர்க்கியா (பாக்டீரியாவிலிருந்து வேறான ஒற்றையுயிரணு நுண்ணுயிரி வகை) ஒன்றை அறிவித்தார்கள். ஆய்வகங்களிலும் மருத்துவமனைகளிலும் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவின் வெப்பநிலை 121 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் இந்த உயிரி சாகாததோடு, ஏறத்தாழ ஒரு நாளில் இரு மடங்காகப் பெருகவும் செய்தது. அதனாலேயே அதற்குத் 'திரிபு 121' என்ற பெயர் அமைந்தது. அதை 130 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தபோது பெருக்கம் நின்றுபோனது. ஆனால் அங்கிருந்து எடுத்து 103 டிகிரியில் உள்ள வளர்ப்புக் கரைசலுக்கு மாற்றியதும் அது மறுபடியும் வளரத் தொடங்கியது.

ஆக, ஒரே உயிரிக்கு இரண்டு எல்லைகள் உள்ளன. 121 அதன் வாழ்வின் எல்லை. 130 அதன் தாங்குதிறனைக் காட்டும் எண். செய்திகளில் எது பெரிதோ அதுவே தலைப்பாகிவிடுகிறது. கதிர்வீச்சு, உப்பு, குளிர், வறட்சி ஆகியவற்றுக்கும் இந்தப் பிரிப்பு பொருந்துமா என்பதை அவ்வத்துறையில் பழக்கமுள்ள உறுப்பினர்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 2
நுண்ணோக்கி எழுதியது:

இளம்பரிதி அவர்கள் தொடங்கிய இடத்திலிருந்தே தொடர்கிறேன். 121 என்னும் எண்ணும் நிலைக்கவில்லை. 2008இல் கென் தகாய் தலைமையிலான ஜப்பானியக் குழு, மத்திய இந்தியப் பெருங்கடல் முகட்டின் கைரெய் வெந்நீர்ப் புலத்திலிருந்து எடுத்த மெத்தனோபைரஸ் கண்ட்லெரி என்னும் ஆர்க்கியாவின் ஒரு திரிபை 122 டிகிரியில் வளர்த்துக் காட்டியது. இந்த ஆய்வில் வெப்பத்தைவிட என்னைக் கவர்ந்தது அழுத்தம்தான். வழக்கமான, அதாவது குறைந்த அழுத்தத்தில் வளர்த்தபோது அதே திரிபு 116 டிகிரிக்கு மேல் பெருகவில்லை; கடலடியை ஒத்த 20 மெகாபாஸ்கல் அழுத்தத்தைக் கொடுத்த பிறகுதான் 122 வரை சென்றது. எனவே வெப்ப எல்லை என்பதைத் தனித்து நிற்கும் ஓர் எண்ணாகக் கொள்ள இயலாது. வேறு எந்தச் சூழற்கூறுகள் உடன் இருக்கின்றன என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும்.

இந்த அறிவு எவ்வளவு அண்மையது என்பதையும் சொல்ல வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ 73 டிகிரிக்கு மேல் உயிர் வளர இயலாது என்றே பெரும்பாலோர் கருதினர். ஒளிச்சேர்க்கைக்கு அந்த வரம்பு இன்றும் பொருந்துகிறது. அதைத் தாண்டிய நீரில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் காணப்படுவதில்லை. ஆனால் தாமஸ் பிராக், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளில் பணியாற்றியபோது, ஒளிச்சேர்க்கையை நம்பாத பாக்டீரியாக்கள் அதைவிடச் சூடான நீரில் செழித்திருப்பதைக் கண்டார். 1966இல் அவரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் சேகரித்த மாதிரியிலிருந்து தெர்மஸ் அக்வாட்டிகஸ் கிடைத்தது. 1969இல் அதன் விவரிப்பு வெளிவந்தது. அந்தப் பாக்டீரியாவின் டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதிதான் பின்னாளில், டி.என்.ஏ.வைப் பன்மடங்காகப் படியெடுக்கும் பி.சி.ஆர். முறைக்கு அடித்தளமானது. ஒவ்வொரு சுழற்சியிலும் டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்க 95 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டியிருப்பதால், சாதாரண நொதி ஒவ்வொரு முறையும் கெட்டுப்போகும்; தெர்மஸின் நொதி கெடாது. பி.சி.ஆரை வகுத்த கேரி முல்லிஸுக்கு 1993இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இனி, 100 டிகிரிக்கு மேல் வாழும் உயிரணு எப்படிக் குலையாமல் இருக்கிறது என்பதற்கு வருகிறேன். நம் உயிரணுப் படலத்தில் கொழுப்பு அமிலங்கள் எஸ்டர் பிணைப்பால் இணைந்திருக்கின்றன. ஆர்க்கியாக்களின் படலத்தில் இருப்பது ஈதர் பிணைப்பு. இது வெப்பத்திலும் அமிலத்திலும் எளிதில் உடைவதில்லை. அதிவெப்ப ஆர்க்கியாக்கள் பலவற்றில் இரு அடுக்குகளின் மூலக்கூறுகள் நடுவில் ஒன்றோடொன்று இணைந்து, படலமே ஒற்றை அடுக்காகிவிடுவதால், அது இரண்டாகப் பிரிந்து கழன்றுபோக வழியில்லை. ஆயினும் ஈதர் பிணைப்பு குளிர்க்கடல் ஆர்க்கியாக்களிலும் இருக்கிறது. ஆகவே அதை மட்டும் வெப்பத்துக்கான தகவமைப்பு என்று சொல்லிவிடக் கூடாது. டி.என்.ஏ.வைப் பொறுத்தவரை, ரிவர்ஸ் கைரேஸ் என்னும் நொதி அதற்குக் கூடுதல் முறுக்கைக் கொடுத்து இழைகள் பிரியாமல் காக்கிறது. இந்த நொதி ஏறத்தாழ எல்லா அதிவெப்ப உயிரிகளிலும் உண்டு. மிதவெப்பத்தில் வாழ்பவற்றில் இல்லை. புரதங்களில் புதிய அமினோ அமிலங்கள் எவையும் இல்லை. அதே இருபதைக் கொண்டு, எதிரெதிர் மின்னூட்டமுள்ள பகுதிகளுக்கிடையே கூடுதல் பிணைப்புகளும், இடைவெளி குறைந்த இறுக்கமான உள்மையமும் அமைந்திருக்கின்றன.

இவ்வளவு ஏற்பாடுகளுக்குப் பிறகும் ஒரு தடை எஞ்சுகிறது. பெரிய மூலக்கூறுகளை வலுப்படுத்தலாம், உயிரணுவில் ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. போன்ற சிறு மூலக்கூறுகளின் வேதி அமைப்பை மாற்ற முடியாது. வெப்பம் ஏற ஏற அவை நீரால் விரைந்து சிதைகின்றன. 150 டிகிரியை ஒட்டி உயிர் வேதியியலே நின்றுவிடும் என்று பலர் கணிப்பதற்கு இதுவே காரணம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். கார்ல் ஸ்டெட்டரின் குழு 1997இல் விவரித்த பைரோலோபஸ் ஃபூமாரி 113 டிகிரி வரை வளரும். 90 டிகிரிக்குக் கீழே வளராது. நம் தோலைச் சுட்டுவிடும் 85 டிகிரி நீர் அதற்குப் பெருகவொட்டாத குளிர்.

பதிவு 3
கயல் எழுதியது:

இந்தத் துறையில் எனக்கு முறையான பயிற்சி இல்லை, ஆர்வத்தால் வாசிக்கிறேன். திரிபு 121 ஆட்டோகிளேவிலும் பெருகும் என்றால், கிருமிநீக்கம் என்பதன் நம்பகத்தன்மை குறையாதா? மருத்துவக் கருவிகளை 121 டிகிரியில் வைப்பது போதும் என்று எந்த அடிப்படையில் சொல்கிறார்கள்?

பதிவு 4
ஆய்வகவாசி எழுதியது:

கயல் அவர்களின் கேள்வி மிகவும் பொருத்தமானது. திரிபு 121 நம் உடல் வெப்பநிலையில் வளராது. அதன் மூச்சு இரும்பு ஆக்சைடைச் சார்ந்தது. ஆகவே நோயாளிக்கு அதனால் எந்தக் கேடும் இல்லை. மருத்துவத்தில் அஞ்ச வேண்டியவை மிதவெப்பத்தில் வாழ்ந்து, நெருக்கடி வந்தால் வித்தாக மாறிக்கொள்ளும் பாக்டீரியாக்கள். வித்து என்று நான் குறிப்பிடுவது பேசிலஸ், கிளாஸ்ட்ரிடியம் முதலியவை தமக்குள்ளேயே உருவாக்கும் உறங்குநிலை அமைப்பை.

இந்த வித்தின் உள்ளே நீர் மிகக் குறைவு. கால்சியத்தோடு சேர்ந்த டைபிகோலினிக் அமிலம் உள்மையத்தை நிறைக்கிறது; சிறு புரதங்கள் டி.என்.ஏ.வைச் சுற்றிப் பொதிந்துகொள்கின்றன. வளர்சிதை மாற்றம் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. இதனால் 100 டிகிரி கொதிநீரில் பல வித்துகள் பிழைக்கின்றன. வளரும் நிலையிலுள்ள அதே பாக்டீரியா அதற்கு வெகு கீழான வெப்பத்திலேயே மடிந்துவிடும். ஆட்டோகிளேவில் நீராவியின் அழுத்தத்தைக் கூட்டி 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் வைப்பது இந்த வித்துகளைக் கருதித்தான். ஆட்டோகிளேவ் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்கும் ஜியோபேசிலஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகளைத்தான் உள்ளே வைக்கிறோம். அவை முளைக்காவிட்டால் கிருமிநீக்கம் நிறைவுற்றதாகக் கொள்கிறோம்.

இளம்பரிதி அவர்களின் பிரிப்புக்கு இதில் வலுவான சான்று உண்டு. 1877இல் ஜான் டிண்டால், ஒரே முறை நெடுநேரம் கொதிக்கவைத்தும் கெட்டுப்போன திரவங்களை, அடுத்தடுத்த நாட்களில் சிறிது நேரம் மட்டும் கொதிக்கவைத்துக் கெடாமல் காத்தார். முதல் நாள் பிழைத்த வித்துகள் இடைவேளையில் முளைக்கும். முளைத்தவை மறுநாள் கொதியில் சாகும். வாழத் தொடங்கியதுமே அந்தத் தாங்குதிறன் போய்விடுகிறது. கொதியைத் தாங்கியது அந்தப் பாக்டீரியாவின் வாழ்நிலை அன்று, உறங்குநிலையே.

பதிவு 5
செங்கதிர் எழுதியது:

கதிர்வீச்சைப் பற்றி நான் எழுதுகிறேன். இந்தப் பிரிப்பு மிகவும் தேவைப்படுவது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

1956இல் ஆர்தர் ஆண்டர்சன், அமெரிக்காவின் ஓரிகனில், தகர டப்பாவில் அடைத்த இறைச்சியைக் காமா கதிரால் கிருமிநீக்கம் செய்ய இயலுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். எல்லா உயிர்களும் அழிந்திருக்க வேண்டிய அளவுக்குக் கதிர் கொடுத்த டப்பாவிலும் இறைச்சி கெட்டது. அதற்குக் காரணமான பாக்டீரியாவே இன்று டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் எனப்படுகிறது. மனிதருக்கு உடல் முழுவதும் 5 கிரே அளவில் கதிர் பட்டால், மருத்துவம் இல்லாத நிலையில் உயிருக்கே ஆபத்து. இந்தப் பாக்டீரியாவோ 5000 கிரேயை ஏறத்தாழ இழப்பே இல்லாமல் தாங்குகிறது.

ஆனால் பூமியில் இயற்கையாக இவ்வளவு கதிர்வீச்சு உள்ள வாழிடம் எதுவும் கிடையாது. எந்தச் சூழலிலும் தேவைப்படாத ஓர் ஆற்றல் எப்படி உருவானது? 1996இல் வேலரி மாட்டிமோரும் ஜான் பாட்டிஸ்டாவும் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடையைத் தந்தது. கதிர்வீச்சைத் தாங்க முடியாத டைனோகாக்கஸ் திரிபுகள், உலர்த்தினாலும் செத்தன. நீர் வற்றும்போதும் டி.என்.ஏ. துண்டு துண்டாகிறது, அதைச் சரிசெய்ய அமைந்த ஏற்பாடே கதிர்வீச்சுக்கும் பயன்படுகிறது என்று இதிலிருந்து விளக்கம் தந்தார்கள். கதிர்வீச்சு வீரன் என்று கொண்டாடப்படும் இந்த உயிரி உண்மையில் வறட்சிக்குப் பழகியது.

சரிசெய்யும் முறையும் விரிவாகப் பேசத் தக்கது. பெரும் அளவு கதிர் பட்டபின் அதன் மரபணுத்தொகுதி நூற்றுக்கணக்கான துண்டுகளாகிவிடுகிறது. ஓர் உயிரணுவுக்குள் அந்தத் தொகுதியின் பல படிகள் இருப்பதால், ஒரு படியின் துண்டும் மற்றொரு படியின் துண்டும் ஒரே பகுதியைச் சிறிதேனும் பகிர்ந்துகொள்ள வாய்ப்புண்டு. அந்தப் பொதுப் பகுதியை வைத்துத் துண்டின் முனை நீட்டப்படுகிறது, நீண்ட முனை அடுத்த துண்டோடு இணைகிறது. இப்படிச் சில மணி நேரத்தில் முழுத் தொகுதியும் மீள்கிறது. 2006இல் மிரோஸ்லாவ் ராட்மனின் குழு இந்தப் படிமுறையை விளக்கியது. இதற்கெல்லாம் முன்நிபந்தனை ஒன்று இருக்கிறது: சரிசெய்யும் புரதங்கள் கெடாமல் இருக்க வேண்டும். மைக்கேல் டேலியின் குழு, டைனோகாக்கஸின் உள்ளே மாங்கனீசு மிகுந்தும் இரும்பு குறைந்தும் இருப்பதையும், மாங்கனீசுச் சேர்மங்கள் கதிர்வீச்சால் தோன்றும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளிலிருந்து புரதங்களைக் காப்பதையும் காட்டியது. கதிர் டி.என்.ஏ.வை உடைப்பது எல்லா உயிரிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் நிகழ்கிறது. வேறுபாடு, உடைந்தபின் தைப்பதற்கு ஆள் மிஞ்சுகிறதா என்பதில் இருக்கிறது.

இளம்பரிதி அவர்களின் பட்டியலில் இதை எங்கே வைப்பது? 5000 கிரே என்பது ஒரே முறை கொடுக்கப்பட்ட அதிர்ச்சியிலிருந்து மீண்டெழும் திறன். திரிபு 121 தன் 121 டிகிரியில் நாள்தோறும் வாழ்வதோடு இதை ஒப்பிடக் கூடாது.

பதிவு 6
உவர்நீர் எழுதியது:

செங்கதிர் அவர்கள் சொன்னதற்கு நேர் எதிரான முனையில் உப்பை விரும்பும் ஆர்க்கியாக்கள் நிற்கின்றன. ஹாலோபாக்டீரியம் சாலினாரம் செறிவுற்ற உப்புநீரில் இயல்பாக வளர்வது. அதற்கு அது கடுஞ்சூழலே அன்று. அதை நன்னீரில் இட்டால் உயிரணு வெடித்துச் சிதறும்.

உப்புநீரில் வாழ இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வெளியேயுள்ள உப்பை ஈடுசெய்ய உயிரணுவுக்குள்ளும் உப்பை நிரப்பிக்கொள்வது. ஹாலோபாக்டீரியம் இவ்வழியைப் பின்பற்றுகிறது: சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியம் குளோரைடை உள்ளே பெருமளவில் சேர்த்துக்கொள்கிறது. இதனால் அதன் புரதங்கள் அனைத்தும் உப்புக்குள்ளேயே பணியாற்றுமாறு மாறியிருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் அமிலத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் மிகுதி. உப்பு குறைந்தால் அந்த எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளிப் புரதமே குலைகிறது. இரண்டாவது வழியில், உப்பை வெளியிலேயே நிறுத்திவிட்டு, கிளிசரால், எக்டோயின் போன்ற கரைபொருட்களை உயிரணு தானே தயாரித்து நிரப்பிக்கொள்கிறது. டுனாலியெல்லா என்னும் பாசி கிளிசராலைப் பயன்படுத்துகிறது. இவ்வழியில் புரதங்களை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கரைபொருளைத் தயாரிக்க ஆகும் ஆற்றல் மிகப் பெரிது. முதல் வழி மலிவானது, ஆனால் அந்த உயிரியை உப்போடு கட்டிப்போடுகிறது.

உப்பளப் பாத்திகள் இளஞ்சிவப்பாகத் தெரிவதற்கு இந்த ஆர்க்கியாக்களின் நிறமிகளும் டுனாலியெல்லாவின் கரோட்டினும் காரணம். ஹாலோபாக்டீரியத்தின் படலத்தில் பாக்டீரியோரொடாப்சின் என்னும் ஊதாப் புரதம் உள்ளது. 1971இல் டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட்டும் வால்தர் ஸ்டோக்கெனியஸும் அதை அறிவித்தனர். அது பச்சையம் இல்லாமலேயே ஒளியைக் கொண்டு புரோட்டான்களை வெளியே தள்ளி ஆற்றல் தேடுகிறது. சாக்கடலில் உயிரே இல்லை என்ற நம்பிக்கையை, அங்கிருந்து நுண்ணுயிரிகளை வளர்த்துக் காட்டி 1936இல் பெஞ்சமின் எலாசாரி வொல்கானி மாற்றினார்.

உப்பில் உறங்குநிலையும் உண்டு. உப்பு படிகமாகும்போது உள்ளே சிறு நீர்ப்பைகள் சிக்கிக்கொள்கின்றன. அவற்றுக்குள் ஆர்க்கியாக்கள் நெடுங்காலம் உயிரோடிருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் 25 கோடி ஆண்டு பழைய உப்புப் படிகத்திலிருந்து பாக்டீரியாவை எழுப்பியதாக ஓர் ஆய்வு வெளிவந்தது. அதை நான் ஏற்கவில்லை. அந்தப் பாக்டீரியாவின் மரபணு வரிசை இன்றைய உறவினங்களுக்கு மிக நெருக்கமாக இருப்பதும், படிகத்துக்குள் பிற்கால நீர் புகுந்திருக்க வாய்ப்பிருப்பதும் முன்வைக்கப்பட்ட எதிர்வாதங்கள். அவற்றுக்கு நிறைவான மறுமொழி வந்ததாக எனக்குப் படவில்லை.

பதிவு 7
தும்பை எழுதியது:

இளம்பரிதி அவர்கள் வரைந்த கோடு ஆய்வகத்துக்குப் பொருந்தும். பூமியின் ஆழத்துக்குப் பொருந்தாது என்று மறுக்க விரும்புகிறேன். அங்கே உள்ளவை வளர்கின்றனவா, வெறுமனே தாங்குகின்றனவா என்று கேட்டால் இரண்டுமே சரியான விடை ஆகாது.

2020இல் யூக்கி மொரோனோவின் குழு, தென் பசிபிக் சுழலின் கடலடி வண்டலில் எடுத்த மாதிரிகளைப் பற்றி எழுதியது. நிலத்திலிருந்து வெகு தொலைவில், மேற்பரப்பில் உயிர்வளம் மிகவும் குறைந்த கடற்பகுதி அது. வண்டல் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு ஓரிரு மீட்டர் என்ற அளவில்தான் படிகிறது. 10 கோடியே 15 இலட்சம் ஆண்டு பழைய அடுக்கிலிருந்து எடுத்த நுண்ணுயிரிகளுக்கு ஊட்டம் அளித்ததும், அவை உண்டு பெருகத் தொடங்கின. அவற்றில் பெரும்பாலானவை வித்து உருவாக்கும் வகையே அல்ல. அந்த வண்டலில் ஆக்சிஜன் இருந்தது. உணவு மட்டும் மிகவும் அரிது. இத்தனை காலமும் அவை எப்படி இருந்திருக்கும்? உறங்கியிருந்தால் டி.என்.ஏ. மெல்ல மெல்லச் சிதைந்து முடிந்திருக்கும். ஆகவே சிறிதளவேனும் ஆற்றலைச் செலவிட்டுத் தம்மைச் சரிசெய்துகொண்டே இருந்திருக்க வேண்டும். பெருகாமல், சாகாமல், உறங்காமலும் இருக்கும் ஒரு நிலை இது.

இன்னோர் எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்திலிருந்து. அங்கே 2.8 கிலோமீட்டர் ஆழத்தில் பாறைப் பிளவுகளில் தேங்கிய நீரில், ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்தில், டெசல்ஃபோருடிஸ் ஆடாக்ஸ்வியேட்டர் என்னும் பாக்டீரியா வாழ்கிறது. 2008இல் வெளியான ஆய்வின்படி அந்த நீரிலிருந்த நுண்ணுயிரிகளில் 99.9 சதவீதம் இந்த ஒரே இனம். பாறையிலுள்ள யுரேனியம் முதலியவற்றின் கதிரியக்கம் நீர் மூலக்கூறுகளைப் பிளந்து ஹைட்ரஜனைத் தருகிறது. அந்த ஹைட்ரஜனையும் சல்பேட்டையும் கொண்டு இது ஆற்றல் பெறுகிறது. கார்பனையும் நைட்ரஜனையும் தானே நிலைநிறுத்தும் மரபணுக்களும் இதனிடம் உள்ளன. சூரிய ஒளியை எந்த வகையிலும் சாராமல், ஒரே இனம் ஏறத்தாழத் தனியாக நடத்தும் வாழ்க்கை. செங்கதிர் அவர்கள் எழுதிய அதே கதிர்வீச்சு இங்கே உணவுக்கு வழியாகிறது என்பதை அவர் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பதிவு 8
இளம்பரிதி எழுதியது:

தும்பை அவர்களின் மறுப்பு இந்த விவாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. வளர்வதற்கும் உறங்குவதற்கும் நடுவே, சரிசெய்துகொண்டு இருத்தல் என்ற மூன்றாவது நிலையையும் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்துக்கொண்டால், இதுவரை வந்த பதிவுகள் எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு கேள்வி கிடைக்கிறது: சேதம் நிகழும் வேகத்துக்கு ஈடுகொடுத்துச் சரிசெய்ய உயிரணுவுக்கு ஆற்றல் போதுமா?

ஜப்பானுக்குத் தெற்கே நங்காய் அகழியில் 2016இல் நடந்த கடலடித் துளையிடல் இதற்குத் துணை செய்கிறது. அங்கே கடல்தளத்துக்குக் கீழே ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் ஆழத்தில் வண்டலின் வெப்பம் 120 டிகிரியை எட்டுகிறது. 2020இல் வெளியான முடிவுகளின்படி, வெப்பம் 45 டிகிரியைத் தாண்டியதும் வாழ்நிலை உயிரணுக்களின் எண்ணிக்கை செங்குத்தாகச் சரிகிறது. வித்துகள் மிகுந்த அடுக்குகள் வருகின்றன, உயிரணுவே தென்படாத அடுக்குகளும் வருகின்றன. ஆயினும் மிகச் சூடான அடிப்பகுதியிலும் சிறு எண்ணிக்கையில் உயிர் இருக்கிறது. 2022இல் வந்த தொடர் ஆய்வு, அந்தச் சிலவற்றின் வளர்சிதை மாற்றம் ஓர் உயிரணுவுக்கு என்று கணக்கிட்டால் மிக உயர்ந்தது என்று காட்டியது. தும்பை அவர்கள் சொன்ன குளிர்ந்த வண்டலில் உயிர்கள் மிகக் குறைந்த செலவில் காலத்தைக் கடத்துகின்றன. இங்கே வெப்பம் இடைவிடாமல் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் கெடுப்பதால், வாங்குவதை எல்லாம் சரிசெய்வதிலேயே செலவழிக்கின்றன. 120 டிகிரியில் மெதுவாக வாழ இயலாது. வெந்நீர்த் துளையருகே ஹைட்ரஜனும் இரும்பும் தாராளமாகக் கிடைப்பதால்தான் திரிபு 121 அங்கே வாழ முடிகிறது. அதே உயிரியை அதே வெப்பத்தில் உணவு குறைந்த இடத்தில் வைத்தால் நெடுநாள் தாங்காது என்றே நான் எதிர்பார்ப்பேன்.

உவர்நீர் அவர்கள் கிளிசராலைத் தயாரிக்க ஆகும் செலவைப் பற்றி எழுதியதும் இதே கணக்குத்தான்.

பதிவு 9
நுண்ணோக்கி எழுதியது:

ஆற்றல் எவ்வளவு இருந்தாலும் உயிர் நுழைய முடியாத இடங்களும் பூமியிலேயே உள்ளன. அவற்றைப் பற்றி யாரும் விரும்பி எழுதுவதில்லை; எல்லையை அறிய அவையே முதன்மையானவை என்பதால் இங்கே பதிகிறேன்.

எத்தியோப்பியாவின் டாலோலில், அமில கார அளவு (pH; எண் குறையக் குறைய அமிலம் மிகும்) சுழிக்கு அருகிலோ அதற்குக் கீழோ உள்ள, உப்பால் செறிவுற்ற, சூடான குட்டைகள் இருக்கின்றன. அமிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது தடையில்லை: ஜப்பானின் ஹொக்கைடோவில் கண்டெடுக்கப்பட்ட பிக்ரோஃபிலஸ் 0.7 என்ற அமில கார அளவில் செழிக்கிறது. உப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவும் தடையில்லை. இரண்டும் சேர்ந்தபோது நிலைமை வேறாகிறது. 2019இல் பூரிஃபிகாசியோன் லோபெஸ்-கார்சியாவின் குழு, அந்தக் குட்டைகளில் வாழும் உயிருக்குச் சான்று இல்லை என்று அறிவித்தது. அதே ஆண்டில் வேறொரு குழு, அங்குள்ள படிவுகளில் மிகச்சிறு ஆர்க்கியாக்களைக் கண்டதாக எழுதியிருந்தது. நான் முதல் குழுவின் பக்கம் நிற்கிறேன். சிலிக்கா மிகுந்த கனிமத் துகள்கள் உருண்டையாக, உயிரணு போலவே தோற்றமளிப்பதை அவர்கள் காட்டினார்கள்; காற்றாலும் வருகையாளர்களாலும் வந்து விழும் டி.என்.ஏ.வையும் கணக்கில் கொண்டார்கள்.

அங்கே மற்றொரு தடை மக்னீசியம் குளோரைடு. ஒரு கரைசலில் உயிருக்குக் கிடைக்கும் நீரின் அளவை நீர்ச் செயல்பாடு என்ற எண்ணால் குறிப்பார்கள். தூய நீருக்கு அது 1, செறிவுற்ற சாதாரண உப்புநீருக்கு ஏறத்தாழ 0.75. வறட்சியைத் தாங்கும் சில பூஞ்சைகள் 0.6ஐ ஒட்டிய அளவு வரை வளர்கின்றன. அதற்கு வெகு கீழே எந்த உயிரும் பெருகியதாக நிறுவப்படவில்லை. மக்னீசியம், கால்சியம் ஆகியவற்றின் குளோரைடுகள் நீர்ச் செயல்பாட்டை இதைவிடக் கீழே இறக்குவதோடு, புரதங்களின் மடிப்பையும் குலைக்கின்றன. பார்வைக்கு ஏரி, உயிருக்கோ பாலைவனம்.

இத்தகைய ஆய்வுகளில் எச்சரிக்கை ஏன் தேவை என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள மோனோ ஏரியின் பாக்டீரியா ஒரு சான்று. பாஸ்பரசுக்கு மாற்றாக ஆர்செனிக்கை டி.என்.ஏ.வில் சேர்த்துக்கொள்கிறது என்று 2010இல் அறிவிக்கப்பட்டது. 2012இல் இரு ஆய்வுகள் அதை மறுத்தன. 2025இல் அந்தக் கட்டுரையை இதழே திரும்பப் பெற்றது. அந்தப் பாக்டீரியா ஆர்செனிக்கைத் தாங்குவது உண்மை. அதைக் கொண்டு உடலை ஆக்கிக்கொள்கிறது என்பதே நிற்கவில்லை.

பதிவு 10
கயல் எழுதியது:

அப்படியானால் செவ்வாயில் உயிர் இருக்கலாம் என்பதற்கு இந்த நுண்ணுயிரிகளைச் சான்றாகக் காட்டுவது சரியா? டைனோகாக்கஸ் விண்வெளியிலும் பிழைத்தது என்று வாசித்திருக்கிறேன்.

பதிவு 11
செங்கதிர் எழுதியது:

பிழைத்தது உண்மை. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் ஜப்பானியத் தன்போப்போ ஆய்வுக்காக மூன்று ஆண்டுகள் வைக்கப்பட்ட டைனோகாக்கஸ் திரள்களில், அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமனானவற்றின் உட்பகுதி உயிரோடிருந்தது. 2020இல் இம்முடிவு வெளிவந்தது. மேலடுக்கில் இருந்தவை புற ஊதாக் கதிரால் செத்து, உள்ளிருந்தவற்றுக்கு மறைப்பாயின. உலர்ந்த நிலையில் அவை எதையும் உண்ணவில்லை, பெருகவில்லை. உயிர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போய்ச்சேரக் கூடும் என்பதற்கு இது சான்றாகலாம். போன இடத்தில் வாழும் என்பதற்குச் சான்றாகாது.

பதிவு 12
உவர்நீர் எழுதியது:

செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட்டு உப்புகள் இருப்பதை 2008இல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டறிந்தது. அவை நீரின் உறைநிலையை வெகுவாகத் தாழ்த்துவதால், கடுங்குளிரிலும் திரவம் நிலைக்கலாம் என்று மகிழ்ச்சியோடு எழுதப்படுகிறது. உறைநிலையை அவ்வளவு தாழ்த்தும் கரைசலில் நீர்ச் செயல்பாடும் வெகுவாகக் குறையும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கனடாவின் ஆர்க்டிக் நிலத்தடி உறைபனியிலிருந்து கிடைத்த பிளானோகாக்கஸ் ஹாலோகிரையோஃபிலஸ் மைனஸ் 15 டிகிரியில் வளர்கிறது. இதுவரை அறிந்த பாக்டீரியாக்களில் அவ்வளவு குளிரில் வளர்பவை மிகச் சில. செவ்வாயின் மேற்பரப்பு பெரும்பாலும் அதைவிடக் குளிர்ந்தது. ஆகவே மேற்பரப்பு உப்புநீரில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆழத்தில், ம்போனெங் போன்ற பாறைப் பிளவுகளில் தேடுவதையே நான் ஆதரிப்பேன்.

பதிவு 13
தும்பை எழுதியது:

உவர்நீர் அவர்கள் சொன்ன ஆழத்தை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் செவ்வாயைவிட சனியின் நிலவான என்செலடஸையே முன்னே வைப்பேன். அதன் பனிப்பிளவுகளிலிருந்து பீறிடும் நீராவியில் ஹைட்ரஜன் இருப்பதைக் கசினி விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு 2017இலும், அங்கிருந்து வெளிவந்த பனித்துகள்களில் பாஸ்பேட்டு இருப்பதை 2023இலும் அறிவித்தார்கள். இளம்பரிதி அவர்கள் கேட்ட ஆற்றல் கணக்கில் அங்கே வரவு இருக்கிறது. மெத்தனோபைரஸ் உண்பதும் ஹைட்ரஜனைத்தான்.

பதிவு 14
ஆய்வகவாசி எழுதியது:

தேடச் செல்லும் கலங்களைப் பற்றியும் ஒரு செய்தி. விண்கலங்களைப் பொருத்தும் தூய்மை அறைகளில் வறட்சி, வடிகட்டிய காற்று, இடைவிடாத கிருமிநாசினி, ஏறத்தாழ உணவே இல்லாத தரை என எல்லாம் சேர்ந்து ஒரு செயற்கைக் கடுஞ்சூழல் உருவாகியிருக்கிறது. 2013இல் விவரிக்கப்பட்ட டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ் என்னும் பாக்டீரியா, ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலும் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலும் உள்ள அத்தகைய அறைகளின் தரையிலிருந்து கிடைத்தது. அது வித்து உருவாக்குவதில்லை. வெந்நீர்த் துளைகளையும் உப்பளங்களையும் விரும்பும் உயிரிகளைவிட, நாமே அமைத்த இந்த அறைகளில் பிழைத்திருப்பவைதான் நம் கலங்களில் ஒட்டிக்கொண்டு போகும் வாய்ப்பு மிகுந்தவை. செவ்வாயில் அவை பெருகாவிட்டாலும், சாகாமல் போய்ச்சேர்ந்தாலே அங்கு எடுக்கும் மாதிரியில் அவற்றின் டி.என்.ஏ. தென்படும். அதனால் கிருமிநீக்க விதிகளை வகுப்பவர்கள் வளரும் எல்லையைவிடத் தாங்கும் எல்லையையே கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.